சார்ஜ்: ஒரே ஆங்கிலச் சொல்லை அதன் எல்லா அர்த்தத்தோடும் பிடிப்பது எப்படி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனி செலவில், வெளியூரில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினேன். காலை டிபன் இலவசம். அது போதாதென்று ஒரு மாதுளை ஜூஸும் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது பரிமாறியவர் வந்து குனிந்து, "ஷல் ஐ சார்ஜ் இட் டு யுவர் ரூம், சார்?" என்றார். நான் மேஜை மேலிருந்த போனைப் பார்த்தேன், 80 சதவீதம் இருந்தது, "நோ நோ, சார்ஜ் இருக்கு" என்று பாதித் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஜூஸ் காசை அறைக் கணக்கில் எழுதிவிடட்டுமா என்பதுதான் கேள்வி என்று எனக்கு உறைத்தபோது லிஃப்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தேன்.

இத்தனைக்கும் சார்ஜ் எனக்குத் தெரியாத சொல் இல்லை, ஒரு நாளைக்குப் பத்து முறை என் வாயில் வருகிற சொல்தான். பஸ் சார்ஜ் தெரியும், போன் சார்ஜ் தெரியும், லத்தி சார்ஜ், சார்ஜ் ஷீட், இன்சார்ஜ் எல்லாம் தெரியும். இவை அத்தனையும் ஒரே சொல் என்பதுதான் தெரியாது. ஒவ்வொன்றும் தனித்தனித் தமிழ்ச் சொல் மாதிரி தலைக்குள் தனித்தனி டப்பாவில் கிடந்தது.

ஆங்கிலம் கற்க ஆரம்பித்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சார்ஜ் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அதை முழுசாகப் பிடிப்பது எப்படி என்று படிப்படியாகப் போகலாம். வழி பிடிபட்டுவிட்டால் அடுத்த சொல்லை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று அர்த்தங்களை மனப்பாடம் செய்கிற வேலை வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ரன் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 600க்கு மேல் அர்த்தங்கள் பிரித்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்தவர் இங்கிலாந்திலும் கிடையாது.

தமிழில் நாம் அப்படியா கற்றோம்? "படி" என்ற சொல்லையே பாருங்கள். புத்தகத்தைப் படி, மாடிப்படி, ஒரு படி அரிசி, அகவிலைப்படி, கையெழுத்துப்படி, சொன்னபடி செய், தூசி படிந்திருக்கிறது. யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. அரிசியோடு வந்தால் அளவை, சம்பளச் சீட்டில் வந்தால் பணம் என்று தானாகவே பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் தானாக வர நமக்கு வாய்ப்பு குறைவு, அதனால் கொஞ்சம் வேண்டுமென்றே செய்ய வேண்டியிருக்கிறது.

படி 1: வீட்டிலிருப்பதை முதலில் எண்ணுங்கள்

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் பேசும்போது நீங்கள் எங்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதுங்கள். அகராதியைத் தொடாதீர்கள். சார்ஜுக்கு எனக்கு வந்தவை: ஆட்டோ சார்ஜ், கரண்ட் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், போன் சார்ஜ், சார்ஜர், ரீசார்ஜ், லத்தி சார்ஜ், சார்ஜ் ஷீட், சார்ஜ் மெமோ, கலெக்டர் சார்ஜ் எடுத்தார், வார்டு இன்சார்ஜ், ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ். பத்தாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்த என் அம்மாவிடம் கேட்டாலும் இதில் முக்கால்வாசி சொல்லிவிடுவார்.

அப்புறம் இவற்றைக் கூறு கட்டுங்கள், சந்தையில் வெண்டைக்காயைக் கூறு கட்டுவது போல. காசு ஒரு கூறு. மின்சாரம் ஒரு கூறு. குற்றம் ஒரு கூறு. பொறுப்பு ஒரு கூறு. பாய்ந்து தாக்குவது ஒரு கூறு. ஐந்துதான். 12 சொற்கள் ஐந்து கூறாகக் குறைந்துவிட்டன, பயமும் அந்த அளவு குறையும்.

படி 2: வேரைத் தோண்டுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு இதுதான் பிடித்த இடம்.

சார்ஜின் கொள்ளுத்தாத்தா லத்தீன் மொழியின் கேரஸ். வண்டி என்று பொருள். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு வினைச்சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. கார், கார்கோ, கேரி எல்லாம் இதே குடும்பத்துப் பிள்ளைகள். கேலிச்சித்திரத்துக்கு ஆங்கிலத்தில் கேரிக்கேச்சர் என்கிறார்களே, அதுவும்தான். மூக்கின் மேல் கூடுதலாகப் பாரம் ஏற்றி வரைவது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக சார்ஜ் என்றால் அடிப்படையில் சுமை ஏற்றுவது. இதை வைத்துக்கொண்டு ஐந்து கூறையும் திரும்பப் பாருங்கள். காசு கேட்பது உங்கள் மேல் செலவைச் சுமத்துவது. போலீஸ் செய்வது குற்றம் சுமத்துவது. மேலதிகாரி செய்வது பொறுப்பைச் சுமத்துவது. போனுக்குச் செய்வது மின்னேற்றுவது. தமிழிலும் நாம் வரியைச் சுமத்துகிறோம், பழியைச் சுமத்துகிறோம், வேலையைச் சுமத்துகிறோம்! பொறுப்பு என்ற சொல்லே "பொறு" என்பதிலிருந்து வருகிறது, பாரத்தைத் தாங்குவது. வெள்ளைக்காரன் யோசித்ததும் நாம் யோசித்ததும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே தடத்தில்தான் போயிருக்கிறது, அதனால் இந்தச் சொல் தமிழருக்குக் கஷ்டமாக இருக்கவே கூடாது.

மின்சாரம் எப்படி உள்ளே வந்தது என்பது தனிக்கதை. துப்பாக்கி, பீரங்கிக்குள் போடுகிற மருந்தையும் சார்ஜ் என்றுதான் சொல்வார்கள், அதுவும் ஏற்றுகிற சுமைதானே. 1740களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லேடன் ஜாடி என்ற கண்ணாடிப் பாத்திரத்தில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சோதனை செய்தபோது, ஜாடியைச் சார்ஜ் செய்வது என்று எழுதினார். பல ஜாடிகளைச் சேர்த்து இணைத்ததற்கு 1749இல் அவர் பேட்டரி என்று பெயர் சொன்னார்; அதுவரை பேட்டரி என்றால் வரிசையாக நிறுத்திய பீரங்கிகள். உங்கள் பையில் கிடக்கும் பவர் பேங்கைப் பற்றிப் பேசும்போது வருகிற சார்ஜ், பேட்டரி இரண்டும் போர்க்களத்துச் சொற்கள்.

தாக்குவது என்ற கூறு மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. தன் முழு பாரத்தையும் எதிரி மேல் இறக்குவது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முதுமலைப் பக்கம் காட்டு யானை காதை விரித்துக்கொண்டு ஓடி வந்து பாதியில் நின்றுவிடுவதை மாக் சார்ஜ் என்பார்கள், பொய்யாகப் பாய்வது. அதைப் பார்த்தவர்களுக்குப் பாரம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் சொல்லும் இப்படி ஒரே வேரில் முளைக்காது. கிரிக்கெட் பேட்டும் வௌவாலைக் குறிக்கும் பேட்டும் எழுத்தில் ஒன்று, வேர் வேறு. கடையில் கொடுக்கும் பில்லும் பறவையின் அலகைக் குறிக்கும் பில்லும் அப்படியே. வேர் ஒட்டவில்லை என்றால் வலிந்து ஒட்டாதீர்கள், இரண்டு சொல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கூட வருகிறவர்களைப் பாருங்கள்

வாக்கியத்தில் சார்ஜ் வந்தால் ஐந்தில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வழி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, சும்மா பெருமைக்காகச் சொல்லவில்லை. பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால், அதோடு வரும் வினை, அதன் இனம், அதன் சார்பு இவற்றால் பொருள் தெளிவாகும் என்கிறது சொல்லதிகாரம். உரைகாரர்கள் இதற்கு "மா" என்ற சொல்லைக் காட்டுவார்கள். மா பூத்தது என்றால் மாமரம், மா ஓடியது என்றால் விலங்கு, வினை காட்டிக்கொடுத்துவிட்டது. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் மருதமரம் நிற்பதால் அதுவும் மரம், இது இனம். கவசம் போட்டுக்கொண்டு நிற்கும் ஒருவன் மா கொண்டு வா என்றால் அவன் கேட்பது குதிரை, மாங்காய் இல்லை, இது சார்பு.

1957இல் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர், ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தை வைத்தே அறியலாம் என்ற கருத்தில் எழுதிய ஒரு வரி மொழியியல் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். (இவர் 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் எழுதியவர்.)

சரி, இதை சார்ஜில் வைத்துப் பார்ப்போம். முதலில் வினை. சார்ஜ் பெயர்ச்சொல்லாக வரும்போது அதற்கு முன்னால் பே வந்தால் காசு. ஃபேஸ் வந்தால் குற்றச்சாட்டு. டினை வந்தாலும் குற்றச்சாட்டு, அதை மறுக்கிறார். டேக் வந்தால் பொறுப்பு. ஹோல்ட் வந்தால் பேட்டரி, தி பேட்டரி டஸ் நாட் ஹோல்ட் எ சார்ஜ் என்றால் ஏற்றினாலும் நிற்க மாட்டேன் என்கிறது. வெய்வ் வந்தால் காசைத் தள்ளுபடி செய்கிறார்கள், ட்ராப் வந்தால் வழக்கைக் கைவிடுகிறார்கள். பிரஸ் சார்ஜஸ் என்று படத்தில் கேட்டிருப்பீர்கள், எதையும் அழுத்துவதில்லை, புகாரை விடாமல் வழக்காகக் கொண்டுபோவது.

அடுத்து இனம். அதே பட்டியலில், அதே வரியில் வேறென்ன நிற்கிறது? ரூம், ஃபுட், லாண்டரி என்று வரிசை போனால் காசு. மர்டர், தெஃப்ட், ஃப்ராட் நின்றால் குற்றம். எலக்ட்ரான், புரோட்டான் நின்றால் இயற்பியல் புத்தகத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

சார்புதான் எனக்கு அன்று ஹோட்டலில் கைகொடுத்திருக்க வேண்டியது. கையில் பில் புத்தகத்தோடு நிற்கிற மனிதர் என் பேட்டரியைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்?

படி 4: பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொல்லை விடாதீர்கள்

நம்மவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் வித், ஃபார், அட், டு என்று தனியாக நிற்பதால் ஏதோ உதிரி என்று நினைத்து விட்டுவிடுகிறோம். ஆனால் அர்த்தத்தையே அதுதான் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மூன்று வாக்கியம் பாருங்கள். தி போலீஸ் சார்ஜ்ட் தி க்ரவுட் என்றால் கூட்டத்தின் மேல் பாய்ந்தார்கள், நம்மூர் மொழியில் தடியடி. தி போலீஸ் சார்ஜ்ட் தி மேன் வித் தெஃப்ட் என்றால் அந்த ஆள் மேல் திருட்டுக் குற்றம் சுமத்தினார்கள், யாரும் யாரையும் அடிக்கவில்லை. தே சார்ஜ்ட் மீ 500 ருபீஸ் என்றால் என்னிடம் 500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். வினை ஒன்றே, நடந்தது மூன்று. முதலாவதில் சின்னச் சொல் எதுவும் இல்லை, இரண்டாவதில் வித் வந்தது, மூன்றாவதில் ஒரு தொகை வந்தது. இந்த மூன்றையும் ஒரு நாள் முழுக்க வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

சார்ஜ் ஃபார் என்றால் எதற்காகக் காசு என்பது. சார்ஜ் டு என்றால் எந்தக் கணக்கில் எழுதுவது என்பது, என் ஜூஸ் கதை. சார்ஜ் அட் என்றால் ஒருவரை நோக்கிப் பாய்வது. சார்ஜ் ஆன் தி ப்ராப்பர்ட்டி என்று பத்திரத்தில் பார்த்தால், அந்தச் சொத்தின் மேல் கடன் பாரம் இருக்கிறது, அதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 100ஆவது பிரிவே இதற்குத்தான். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற நம் வழக்கமெல்லாம் இந்தப் பாரத்துக்குப் பயந்துதான்.

இன்னொரு ஜோடி இருக்கிறது, கொஞ்சம் விஷமம் பிடித்தது. இன் சார்ஜ் ஆஃப் என்றால் பொறுப்பில் இருப்பவர். நடுவில் ஒரு தி நுழைந்து இன் தி சார்ஜ் ஆஃப் என்று ஆனால் பொறுப்பில் விடப்பட்டவர். டீச்சர் குழந்தைகளுக்கு இன் சார்ஜ், குழந்தைகள் டீச்சரின் இன் தி சார்ஜ். விண்ணப்பத்தில் அந்த தி தவறி நுழைந்துவிட்டால், 20 பேரை மேய்த்தவர் 20 பேரால் மேய்க்கப்பட்டவர் ஆகிவிடுவார்.

படி 5: ஒவ்வொரு கூறுக்கும் தனியாக ஒத்த சொல் தேடுங்கள்

சார்ஜுக்கு ஒத்த சொல் என்ன என்று யாராவது கேட்டால், எந்தச் சார்ஜுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். ஒத்த சொல் என்பது சொல்லுக்குக் கிடையாது, அர்த்தத்துக்குத்தான் உண்டு. அக்யூஸும் ஃபீயும் இரண்டுமே சார்ஜுக்கு ஒத்த சொற்கள்தான். அதற்காகப் பள்ளி அக்யூஸ் கட்டினேன் என்று சொல்ல முடியுமா?

காசுக் கூறுதான் பெரிய குடும்பம், இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். பயணிக்கு ஃபேர். பஸ், ரயில், ஆட்டோ, விமானம் எல்லாவற்றுக்கும் இதுதான், பஸ் சார்ஜ் என்பது நம்மூரில் மட்டும் ஓடும், வெளியே பஸ் ஃபேர் என்றால்தான் டக்கென்று புரியும். ஃபேர் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் போவது என்று பொருள், ஃபேர்வெல்லில் இருப்பதும் அதே ஃபேர்தான், நல்லபடியாகப் போய் வா. ஆள் போனால் ஃபேர், சரக்கு போனால் ஃப்ரெய்ட். சுங்கச்சாவடியில் டோல். டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம், தேர்வு இவற்றுக்கு ஃபீ. வீட்டுக்கு ரென்ட். இன்ஷூரன்ஸுக்குப் பிரீமியம். தபாலுக்குப் போஸ்டேஜ். தப்பு செய்து கட்டினால் ஃபைன். இவை எதிலும் அடங்காத சேவைக்கு, டெலிவரி, சர்வீஸ், வங்கி இந்த மாதிரி இடங்களில், சார்ஜ். ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது கன்வீனியன்ஸ் ஃபீ என்று ஒன்று போடுகிறார்களே, அது யாருடைய வசதிக்கான ஃபீ என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ப்ரைஸ் வேறு. பொருளை வாங்கினால் ப்ரைஸ், வேலையை வாங்கினால் சார்ஜ் என்று எளிதாக வைத்துக்கொள்ளலாம். வாட் இஸ் தி ப்ரைஸ் ஆஃப் தி பஸ் என்று கண்டக்டரிடம் கேட்டால் நீங்கள் பஸ்ஸையே விலை பேசுகிறீர்கள். காஸ்ட் என்பது செலவு. டீக்கடைக்காரருக்கு ஒரு டீ போட ஆகிறது காஸ்ட், நம்மிடம் அவர் வாங்குகிறது ப்ரைஸ்.

இவ்வளவு பிரிவா என்று மலைக்க வேண்டாம், நாமும் பிரிக்கிறோம். தையல்காரருக்குக் கூலி, வீட்டுக்கு வாடகை, பத்திரிகைக்குச் சந்தா, குருக்களுக்குத் தட்சிணை. வீட்டுக்குக் கூலி கொடுத்தேன் என்று சொன்னால் கட்டிய கொத்தனாருக்குக் கொடுத்ததாகத்தான் நினைப்பார்கள்.

குற்றக் கூறில் ஆள்தான் முக்கியம். அக்யூஸ் யாரும் யாரையும் செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் மேல் மாங்காய் திருடியதாக அக்யூஸ் செய்யலாம். சார்ஜ் என்பது அதிகாரம் உள்ளவர்கள் முறைப்படி செய்வது. அலெஜ் என்பது இன்னும் நிரூபணம் ஆகாததைச் சொல்லும்போது பத்திரிகைகள் போட்டுக்கொள்கிற தலைக்கவசம். ப்ளேம் என்றால் பழி போடுவது, வழக்கு வேண்டியதில்லை. இன்டைட் அமெரிக்கச் செய்தியில் அடிக்கடி வரும், எழுத்தில் நடுவே ஒரு சி இருக்கும், அதை உச்சரிக்கக் கூடாது. இவற்றின் பின்னால் வருவதும் வேறு வேறு: அக்யூஸ் ஆஃப், சார்ஜ் வித், ப்ளேம் ஃபார். கலந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

சார்ஜ் ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் விசாரணை முடித்துப் போலீஸ் கோர்ட்டில் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. அதைப் பார்த்துவிட்டு நீதிமன்றம் தானே வனைவது, அதாவது முறைப்படி எழுதி வகுப்பது, சார்ஜ். செய்தியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள், நீங்கள் குழம்ப வேண்டாம். அரசு ஊழியர் வீடுகளில் செவன்டீன் பி என்று மெதுவான குரலில் பேசிக்கொள்வார்களே, அது தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் 17(பி)யின் கீழ் வரும் சார்ஜ் மெமோ, பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடியது. அது போலீஸ் விவகாரம் இல்லை, துறைக்குள் நடப்பது.

மற்ற மூன்று கூறையும் சீக்கிரம் முடித்துவிடலாம். பொறுப்புக்கு ரெஸ்பான்சிபிலிட்டி, கேர், கஸ்டடி. குழந்தை பெற்றோரின் கஸ்டடியில் இருந்தால் விவாகரத்து வழக்கு, ஆள் போலீஸ் கஸ்டடியில் இருந்தால் லாக்கப். பாய்வதற்கு ரஷ், ஸ்டார்ம், அட்டாக். கோட்டையை ஸ்டார்ம் செய்வார்கள், காளை சார்ஜ் செய்யும். மின்னேற்றத்துக்கு உண்மையில் நல்ல ஒத்த சொல்லே கிடையாது, சார்ஜ்தான்.

படி 6: எதிர்ச்சொல்லை வைத்துச் சோதியுங்கள்

கூறு சரியாகப் பிரிந்ததா என்று தெரிந்துகொள்ள இது சுலபமான சோதனை. எதிர்ச்சொல் மாறினால் அர்த்தமும் மாறியிருக்கிறது என்று பொருள். காசுக்கு எதிர் ஃப்ரீ. பாய்வதற்கு எதிர் ரிட்ரீட், பின்வாங்குவது. குற்றத்துக்கு எதிர் அக்விட், விசாரணை முடிந்து விடுதலை. மின்னேற்றத்துக்கு எதிர் டிஸ்சார்ஜ்.

இந்த டிஸ்சார்ஜ் இருக்கிறதே, அது பாரத்தை இறக்குவது. கப்பல் சரக்கை இறக்கினாலும் டிஸ்சார்ஜ், துப்பாக்கி வெடித்தாலும் டிஸ்சார்ஜ், கடனைத் தீர்த்தாலும் டிஸ்சார்ஜ், ஆஸ்பத்திரி உங்களைத் தன் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டாலும் டிஸ்சார்ஜ். நீதிமன்றத்தில் டிஸ்சார்ஜ் என்றால் சார்ஜ் வனைவதற்கு முன்பே, ஆதாரம் போதவில்லை என்று விடுவிப்பது. அக்விட் அதற்கு வெகு தூரம் கழித்து வருவது. புண்ணிலிருந்து சீழ் வடிவதற்கும் அதே சொல்தான், நர்ஸ் எனி டிஸ்சார்ஜ் என்று கேட்டால் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம்.

படி 7: எது நம்மூர் வழக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்

நம்மூர் வழக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்தியா முழுக்கப் புரிகிறது, செய்தித்தாளில் அச்சாகிறது, அப்புறம் எப்படித் தப்பாகும். ஆனால் வெளிநாட்டுக்காரரோடு போனில் பேசும்போது எது ஓடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

லத்தி சார்ஜ் வெளியே பேட்டன் சார்ஜ். இன்சார்ஜ் என்பதை நாம் ஒரு பதவிப் பெயராகவே ஆக்கிவிட்டோம், ஹூ இஸ் தி இன்சார்ஜ் என்கிறோம். அங்கே ஹூ இஸ் இன் சார்ஜ், அல்லது தி பர்சன் இன் சார்ஜ். அரசு அலுவலகத்தில் முழு கூடுதல் பொறுப்பு என்பதை ஃபுல் அடிஷனல் சார்ஜ் என்று எழுதுவோம், அதை வெளியாளுக்குச் சொன்னால் ஏதோ கூடுதல் கட்டணம் போல என்று பர்ஸைத் தொடுவார். போனுக்கு ரீசார்ஜ் செய்கிறோம் என்றால் பணம் போடுகிறோம்; இங்கிலாந்தில் அதற்கு டாப் அப்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: போனில் சார்ஜ் இல்லை என்பதை அப்படியே மாற்றி தேர் இஸ் நோ சார்ஜ் என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு அர்த்தம், இலவசம். மை பேட்டரி இஸ் லோ, மை ஃபோன் இஸ் டெட், இவ்வளவு போதும்.

படி 8: சரியான அகராதியை எடுங்கள்

ஆங்கிலம்-தமிழ் அகராதி முதல் உதவி மாதிரி, தேவைதான். 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரை ஆசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் போட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. ஆனால் வித் வருமா ஆஃப் வருமா என்பதற்கு, கற்பவர்களுக்கென்றே செய்த ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதி வேண்டும். அந்த வகையில் பேர்பெற்ற ஒன்று பிறந்த இடம் இங்கிலாந்தே இல்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்டதுதான் பின்னால் ஆக்ஸ்ஃபோர்டின் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி ஆனது. 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதுகிறது. இரண்டும் இணையத்தில் இலவசம், அதாவது நோ சார்ஜ்.

ஒத்த சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸைக் கடைசியில் தொடுங்கள். பீட்டர் மார்க் ரோஜே என்ற டாக்டர் 1852இல் போட்ட தெசாரஸ் அருமையான வேலைதான், ஆனால் அது சொற்களை ஒரு கூடையில் போட்டுக் கொடுக்குமே தவிர ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று சொல்லாது. ஏற்கெனவே தெரிந்து மறந்த சொல்லை நினைவுபடுத்திக்கொள்ள அது உதவும், புதுச் சொல் கற்க உதவாது. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை ஒப்பித்ததும் இப்படித்தான். ஆனால் திவாகரம் என்ற பழைய நிகண்டு ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்குத் தனியாக ஒரு தொகுதியே ஒதுக்கியிருந்தது, ரோஜேவிடம் அது இல்லை.

படி 9: உங்கள் வாழ்க்கையிலிருந்து வாக்கியம் எழுதுங்கள்

நோட்டில் ஒரு பக்கம். மேலே வேர், ஒரே சொல்லில்: சுமை. கீழே ஐந்து கூறு. ஒவ்வொன்றுக்கும் சின்னச் சொல்லோடு சேர்த்து ஒரே ஒரு வாக்கியம், அது உங்களுக்கு நடந்ததாக இருக்கட்டும். அகராதியிலிருந்து வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் மூன்றாம் நாள் மறந்துவிடும், சொந்த மானக்கேடு மறக்காது, நான் ஜூஸ் டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் சார்ஜ் டு நினைவுக்கு வருகிறது. வாரத்துக்கு ஒரு சொல் போதும். அடுத்த வாரத்துக்கு இஷ்யூ, அதற்கடுத்து டிராஃப்ட், அப்புறம் ஃபைன் என்று போகலாம். ஃபைனில் ஒரு வேடிக்கை இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்ற ஃபைனும் அபராத ஃபைனும் முடிவு என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை.

இப்போது ஒரு பயிற்சி. கீழே இருக்கும் மூன்றையும் சார்ஜ் என்ற சொல்லே வராமல் தமிழில் எழுதுங்கள், எழுதிவிட்டுத்தான் விடையைப் பார்க்க வேண்டும்.

தி நர்ஸ் இன் சார்ஜ் செட் தேர் வாஸ் நோ சார்ஜ் ஃபார் சார்ஜிங் மை ஃபோன்.

ஹி வாஸ் சார்ஜ்ட் வித் ஓவர்சார்ஜிங் டூரிஸ்ட்ஸ்.

தி புல் சார்ஜ்ட் அட் தி மேன் இன் சார்ஜ் ஆஃப் தி கேட்.

முதலாவது: பொறுப்பிலிருந்த நர்ஸ், போனுக்கு மின்னேற்றிக்கொள்ளக் காசு வேண்டாம் என்றார். இரண்டாவது: சுற்றுலா வந்தவர்களிடம் அநியாயத்துக்குக் காசு வாங்கியதாக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். மூன்றாவது: வாடிவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மேலேயே காளை பாய்ந்துவிட்டது. வாடிவாசல் என்று நானாகத்தான் போட்டேன், கேட் என்றால் உங்களுக்கு வேறு எந்த வாசல் தோன்றினாலும் சரிதான்.